சும்மா விட்ட வாரங்கள்

டொக்டர் என் வீட்டுக்காரரைக் கட்டிலில் படுக்க வைத்தார். இடது விலா எலும்புக்குக் கீழே ஒரு விரலை வைத்தார். அதற்குக் கீழே இன்னொரு விரல். கை முழுவதும் வைத்து முடிந்த பிறகும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் தமிழ் பேசுகிறவர். மாத்தளைப் பக்கமாம். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம்.

"மண்ணீரல் வீங்கியிருக்கு. ஒரு கை அளவு இறங்கியிருக்காம்" என்றார் மிஸ்.

அதுவரை நாங்கள் அதை வாயு என்று நினைத்திருந்தோம். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்பார். சட்டை தொப்பலாக வேர்த்துவிடும், கொட்டகலைக் குளிரிலும். ஆள் இளைத்தார், வயிறு மட்டும் இளைக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் தொட்டுப் பார்த்த உடனே இரத்தம் எடுக்க அனுப்பினார்கள். இரத்தம் பார்த்தவர்கள் கண்டிக்கு அனுப்பினார்கள்.

மிஸ் நோயின் பெயரைச் சொன்னார். இரத்தப் புற்றுநோய். எங்கள் தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீட்டுப் பையன் ஒருவன் அந்தப் பெயரோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அடுத்த சம்பளத்துக்குள் சவப்பெட்டியில் வந்தான். அவன்தான் எனக்கு ஞாபகம் வந்தான். என் முகத்தைப் பார்த்தே டொக்டருக்கு விளங்கியிருக்கும். கையை ஆட்டி, அது வேறு இது வேறு என்று காட்டினார்.

"இது மெதுவா போற வகை" என்றார் மிஸ். "தினம் குளிசை போடணும். ஒரு நாள் விடக் கூடாது. சாகுற வரைக்கும்."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா? எத்தன வருஷம்னு கேளுங்க மிஸ்" என்றேன்.

மிஸ் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிஸ் கேட்டார். டொக்டர் கொஞ்ச நேரம் பேசினார்.

வயதையும், மண்ணீரல் எத்தனை விரல் என்பதையும், இரத்தத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். பார்த்து நல்ல பக்கம், நடு, மோசமான பக்கம் என்று பிரிப்பார்களாம். இவர் நடுவில். மெதுவாகப் போகிற நோய் ஒரு நாள் வேகமான நோயாகத் திரும்பலாம். திரும்பிவிட்டால் மேல் லயத்துப் பையன் மாதிரிதான். திரும்புமா திரும்பாதா என்பதை வருஷக் கணக்கில் இப்போது சொல்ல முடியாது. அதை அந்தக் குளிசை மாத்திரைதான் காட்டவேண்டும்.

டொக்டர் ஒரு துண்டுக் கடதாசியில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"மூணு மாசம் கழிச்சு ஒரு இரத்தம் எடுத்து கொழும்புக்கு அனுப்புவோம். அதில நோய்க் கணக்கு இந்தக் கோட்டுக்குக் கீழ வரணும். வந்தா, நிறையப் பேர் நல்லா இருந்து கிழவனாகித்தான் போறாங்க. வரலேன்னா டொக்டர் சேருக்கும் பயம்தான்" என்றார் மிஸ்.

அவ்வளவுதான். மூன்று மாதம், ஒரு கோடு. நான் அந்தக் கடதாசியை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு அஞ்சாம் வகுப்புதான். கோடு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

என் வீட்டுக்காரர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை நாலு வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்கட்டை மட்டும் விட்டு வெட்டி விடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் பிணம் எரிந்த இடம் மாதிரி இருக்கும். பிறகு துளிர் வரும். எங்கள் தோட்டத்தில் அவர் கத்திக்கு நல்ல பெயர். ஒரே வெட்டு, பட்டை கிழியாது.

டொக்டர் அந்த வேலை வேண்டாம் என்றார். மண்ணீரல் வீங்கியிருக்கும்போது வயிற்றில் அடிபட்டால் ஆபத்தாம். சரிவில் நின்று கத்தி வீசுகிற வேலை. தோட்டத்தில் சொன்னபோது நாற்று மேடையில் தண்ணீர் ஊற்றப் போட்டார்கள். அங்கே எல்லாம் பெண்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கவ்வாத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா.

"அண்ணே, ஒரு சேல எடுத்துக் குடுக்கவா?"

"வேணாம்டா. ஓம் பொஞ்சாதிய இரவல் கேட்டிருக்கேன்" என்றார்.

அவர் பேசினால் அவ்வளவுதான் பேசுவார்.

குளிசை அவரைப் படுத்தியது. போட்ட கொஞ்ச நேரத்தில் குமட்டும். கண் இமை இரண்டும் பொம்மென்று வீங்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்காருவார். வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய கோப்பைத் தண்ணீரோடு போட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். காலையில் இரண்டு ரொட்டி அவருக்கு இறங்கவில்லை.

"மேடையில பத்து மணித் தேத்தண்ணியோட போட்டுக்கிறேன். அப்ப பசிக்கும்" என்றார்.

சரி என்றேன். குளிசையை ஒரு பால்மா டின்னில் போட்டு எடுத்துப் போனார்.

மூன்றாவது மாதம் பிறந்து கொஞ்ச நாளில் ஆள் தெளிந்தார். கண் வீக்கம் வடிந்தது. காலில் பிடிப்பு இல்லை. மூன்று ரொட்டி சாப்பிட்டார். கொழுந்து பறிக்கிற மலையில் என் பக்கத்து நிரையில் நிற்கிறவளை, சொந்தமில்லாவிட்டாலும், மதினி என்றுதான் கூப்பிடுவேன்; அது ஒரு நாள் கேட்டது.

"என்ன மதினி, அண்ணனுக்கு மாப்பிள்ளக் கள வந்துருச்சு. இன்னொரு தரம் பரிசம் போடுவாரு போல."

"போடட்டும். பொண்ணு நீதான்."

"எனக்கு அந்த வீங்குன கண்ணுதான் புடிச்சிருந்திச்சு. இப்ப எல்லாத்தயும் பாக்குறாரு."

நான் சிரித்தேன். அந்த நாட்களில் நான் நிறையச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். குளிசை உடம்போடு சேர்ந்துவிட்டது, நோய் இறங்குகிறது என்று நம்பினேன். யாரும் அப்படித்தான் நம்புவார்கள்.

கண்டிக்குப் போய் இரத்தம் கொடுத்தோம். கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் திரும்பவும் கண் வீங்கியது. கால் பிடித்தது. நோய் போவதும் வருவதுமாக இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

பதில் வாங்கப் போன நாள் மழை. அட்டனில் பஸ் ஏறி கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் தூங்கினார்.

டொக்டர் கொழும்பு முடிவைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நான் பையிலிருந்து கோடு போட்ட கடதாசியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கோட்டுக்கு மேலே. நன்றாக மேலே.

சிங்களத்தில் அவரைப் பார்த்து நேராகக் கேட்டார், ஒவ்வொரு நாளும் குளிசை குடித்தாயா என்று. அந்த அளவு சிங்களம் எங்களுக்குத் தெரியும்.

"ஓவ் சேர்" என்றார் என் வீட்டுக்காரர். ஆமாம் என்று தயக்கமில்லாமல் சொன்னார்.

டொக்டர் மிஸ்ஸிடம் பேசினார். மிஸ் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். குளிசை பிடிக்கவில்லை போலிருக்கிறது. நோய் உள்ளே வேறு மாதிரி மாறியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு இரத்தம் எடுக்க வேண்டும். வேறு குளிசைக்கு எழுதிப் போட வேண்டும், அது உடனே கிடைக்காது. மூன்று மாதத்தில் இறங்காதவர்களுக்குப் பிறகு நோய் அந்த வேகமான வகையாகத் திரும்புவது கூடுதல். கூடப்பிறந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா, எலும்பு மச்சை பொருந்துமா என்று பார்க்கலாம்.

"யாரும் இல்ல மிஸ்" என்றார் அவர். "நான் ஒருத்தன்தான்."

நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்த ஆள் இப்போது மோசமான பக்கம் போய்விட்டார்.

கண்டி குட்செட் பஸ் ஸ்டாண்டில் அட்டன் பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். பையை அவர் மடியில் வைத்திருந்தார். உள்ளே எங்கள் ரொட்டிப் பொட்டலம் அப்படியே இருந்தது. அவர் சொன்னார்.

"சும்மா விட்டும் ஏறலயே."

"எது?"

"ஒடம்பு."

"என்னத்த சும்மா விட்டீங்க?"

"இரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி. மூணு வாரம் இருக்கும். குளிச போடல."

பக்கத்தில் ஒரு ஆள் மாத்தளை, மாத்தளை என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஏன் போடல?"

அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வேர் பாக்குறதுக்கு முன்னாடி மலைய சும்மா விடுவாங்கள்ல. அதான்."

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்துக்கு முன்னால் சில வாரம் அந்த மலையில் கொழுந்து எடுக்க மாட்டார்கள். செடி ஓய்ந்து வேரில் சத்துச் சேர வேண்டும். பிறகு அங்கங்கே வேரைத் தோண்டி, ஒரு துண்டு வெட்டி, அயடின் ஊற்றிப் பார்ப்பார்கள். கறுப்பாக நிறம் ஏறினால் வேரில் சத்து இருக்கிறது, வெட்டினாலும் பிழைக்கும். நிறம் ஏறாவிட்டால் வெட்டக் கூடாது, செத்துவிடும். தோட்டத்துத் துரைக்கு வேர் தோண்டிக் கொடுப்பது பல வருஷமாக இவர்தான். மலையைச் சும்மா விடாமல் வேர் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை மடத்தனம்.

குளிசை உடம்பை உறிஞ்சுகிறது என்று கண்டார். மூன்று மாதத்தில் இரத்தம் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியும். அதனால் உடம்பைச் சும்மா விட்டார். இரத்தம் கொடுத்த மறுநாளே திரும்ப ஆரம்பித்துவிட்டார். அவர் கணக்கில் அது குளிசையை விட்டதாகவே இல்லை. டொக்டர் கேட்டபோது அவர் சொன்னது பொய்யும் இல்லை.

"டின்னுல அப்பிடியே இருக்கு. ஒண்ணும் வீணாக்கல" என்றார்.

நான் எழுந்தேன்.

"எங்க போற?"

"டொக்டர்ட்ட."

"வேணாம். வைவாரு."

"வையட்டும்."

"பஸ் போயிரும்."

"வேற பஸ் வரும்."

"நீ போயிட்டு வா. நான் இருக்கேன்."

நான் அவர் மடியில் இருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எல்லாம் அதில்தான். பை போன பின்னால் அவரும் வந்தார்.

கிளினிக் முடிந்து வாங்குப் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிஸ் தோள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார்.

"மிஸ், இவரு மூணு வாரம் குளிச போடலயாம். இரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி. இப்பதான் சொல்றாரு."

"என்னப்பா நீங்க. ஏன்?"

நான் வேர், மலை என்று ஆரம்பித்தேன். மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் மிஸ் உள்ளே கூட்டிப்போய், டொக்டர் முன்னால் என் வீட்டுக்காரரே சொல்ல வேண்டி வந்தது. சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார். கையால் வேரை வெட்டிக் காட்டினார், அயடின் ஊற்றிக் காட்டினார். ஒரு பெரிய மனிதர் முன்னால் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

டொக்டர் வையவில்லை. கடதாசியை எடுக்கச் சொன்னார். புள்ளி மேலே பேனாவால் குறுக்கே கீறினார்.

"இந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லயாம். இது குளிசையோட கணக்கு இல்ல, குளிச இல்லாத கணக்கு" என்றார் மிஸ்.

எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப நல்லதுதானே மிஸ்?"

மிஸ் டொக்டரைக் கேட்டார். கேட்டுவிட்டு எங்களுக்குச் சொன்னார்.

"அப்பிடியும் சொல்ல ஏலாதாம். விட்ட நாள்ல நோய் உள்ளுக்கு என்ன செஞ்சிச்சுன்னு தெரியாது. ஒண்ணும் செய்யாமயும் இருந்திருக்கலாம். விட்டு விட்டுப் போட்டா சில பேருக்கு நோய் குளிசைக்குப் பழகிரும். அது நடந்திருக்கான்னு இப்ப சேராலயும் சொல்ல ஏலாது. இன்னைக்கிருந்து மூணு மாசம் ஒரு நாளும் விடாமப் போடணும். அதுக்குப் பிறகுதான் பார்க்கணும்."

டொக்டர் எழுந்து வந்தார். என் வீட்டுக்காரர் வயிற்றில் விரலால் தட்டி, உடைந்த தமிழில் அவரே சொன்னார்.

"இது தேயில இல்ல."

"சரி சேர்" என்றார் அவர்.

பஸ் நாவலப்பிட்டி தாண்டியது. அவர் சொன்னார்.

"புள்ளிய வெட்டிட்டாரே."

"ஆமா."

"அப்ப அது போச்சு."

"தெரியாதுன்னுதான் சொன்னாரு."

"தெரியாதுங்கிறது தேவலதானே?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பால்மா டின்னைக் கொண்டுவந்து வைத்தார். மிச்சக் குளிசைகள் உள்ளே கலகலத்தன.

"ரெண்டு ரெண்டா போட்டா விட்டது சரியாயிரும்ல?"

"ஒண்ணுதான்."

"வீணாத்தானே கெடக்கு."

"கெடக்கட்டும்."

டின்னை நான் எடுத்து வைத்து, அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மூன்று மாதமும் காலையில் என் கண் முன்னால்தான் போட்டார். முதலில் ரொட்டி, சம்பல். ரொட்டி இறங்கும் வரை நான் அடுப்படியில் நிற்பேன். பிறகு பெரிய கோப்பைத் தண்ணீர், பிறகு குளிசை. குமட்டி வெளியே வந்துவிடுகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுப்பேன். பெரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணி ஏசுவார். ஏசினார். அரை நாள் கூலிக்கு அரைப் பேர் போட்டுவிடுவேன் என்றார். போடவில்லை.

"என்ன, கங்காணி மாதிரி நிக்கிற" என்று கேட்டார் என் வீட்டுக்காரர் ஒரு நாள்.

"கங்காணிதான். வாயத் தொறங்க."

திறந்தார். நாக்கைத் தூக்கியும் காட்டினார். கண் இமை வீங்கியே இருந்தது. இப்போது அந்த வீக்கத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. மதினி ஒரு நாள், அண்ணன் மறுபடி கழண்டுட்டாரே என்றது. கழண்டுதான் இருக்கட்டும் என்றேன். மதினிக்கு விளங்கவில்லை.

விடியற்காலை அவர் எழும்புவதற்கு முன்னால் நான் விலாவுக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். டொக்டர் வைத்த மாதிரியே. முதலில் மூன்று விரல் மாதிரி இருந்தது. பிறகு இரண்டு. சில நாள் திரும்ப மூன்று. டொக்டர் விரல் மெலிசு, என் விரல் கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போனது. எது சரி என்று தெரியாது. அவர் விழித்துக்கொண்டுதான் கிடப்பார். ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"எத்தன?"

"ரெண்டு."

"நேத்து?"

"ரெண்டுதான்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது நான் அவரைக் கேட்டேன்.

"நெறம் நல்லா ஏறி வெட்டுன மலையில செடி செத்திருக்கா?"

யோசித்தார்.

"செத்திருக்கு."

"நெறம் ஏறாம வெட்டினது?"

"பொழச்சதும் இருக்கு. ரோட்டோரத்துல ஒரு துண்டு மல. அவசரப்பட்டு வெட்டச் சொன்னாங்க. நாங்க செத்திரும்னோம். நிக்கிது இன்னைக்கும்."

"அப்ப எதுக்கு வேர் பாக்குறது?"

"பாக்காம எப்பிடி வெட்டுறது" என்றார்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் முடிந்து இரத்தம் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் பதிலுக்குப் போனோம். கடதாசி மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. டொக்டர் முடிவைப் பார்த்துவிட்டு பேனாவை எடுத்தார். பேனா எங்கே இறங்குகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

கோட்டுக்கு மேலேதான் வைத்தார். ஆனால் கோட்டைத் தொடுகிற மாதிரி. கொஞ்சம் பேனா தடித்தால் கோட்டோடு சேர்ந்துவிடும்.

"நல்லா எறங்கியிருக்கு" என்றார் மிஸ். "இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்கணும். விட்டதால பிந்துதா, நோயே அப்பிடியான்னு பிரிச்சுச் சொல்ல ஏலாதாம். இப்ப குளிசைய மாத்தல. இன்னொரு மூணு மாசம்."

"அப்ப எந்தப் பக்கம் மிஸ்?" என்று கேட்டேன்.

மிஸ் டொக்டரைக் கேட்காமலே சொன்னார்.

"நடுவுலதான் அக்கா."

டொக்டர் அவரைப் படுக்க வைத்து விரல் வைத்துப் பார்த்தார். ஒரு விரலுக்கும் தட்டுப்படவில்லையாம். மண்ணீரல் விலாவுக்குள் போய்விட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து, முதல் தடவையாகத் தானாக ஒன்று கேட்டார்.

"கத்தி புடிக்கலாமா சேர்?"

மிஸ் சொன்னதும் டொக்டர் யோசித்துவிட்டு, பிடிக்கலாம், காயம் படாமல் பார்த்துக்கொள் என்றார்.

மறுநாள் காலை அவர் பரண் மேலிருந்த கவ்வாத்துக் கத்தியை இறக்கி, வாசல் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினார். பெரட்டில் பையன்கள் ஏதாவது சொல்வார்கள், அதற்குப் பதில் வைத்திருந்த முகம். ரொட்டி சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். குளிசை போட்டார். வாயைத் திறந்து காட்டினார், நான் கேட்கவில்லை.

அதற்கு முன்னால், விடியும்போது, பழக்கத்தில் நான் விலாவுக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டவில்லை. இருந்தும் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.